ஏழாம் சார்லஸ்: அப்பாவே கைவிட்ட இளவரசர் நூறாண்டுப் போரை வென்றது எப்படி?

பெற்ற அப்பாவே மகனைத் தள்ளிவைத்துவிட்டு, சொத்து முழுவதையும் மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தச் சொத்து ஒரு நாடாக இருந்து, மாப்பிள்ளை அந்த நாட்டின் மீது படையெடுத்து வந்த எதிரியாகவும் இருந்தால்?

1420 மே 21 அன்று பிரான்ஸின் த்ருவா நகரில் அதுதான் நடந்தது. பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லஸ் தன் மகளை இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றிக்குக் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். தனக்குப் பிறகு பிரான்ஸின் மகுடம் அந்த மாப்பிள்ளைக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான் என்றும் உடன்படிக்கை போட்டார். உயிரோடு இருந்த ஒரே மகனுக்கு எதுவும் இல்லை. அந்த மகனுக்கு அப்போது வயது 17.

அந்தப் பையன்தான் பின்னாளில் ஏழாம் சார்லஸ். அவர் இறக்கும்போது பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயர் கையில் மிச்சமிருந்தது கலே என்ற துறைமுக நகரமும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டுமே.

வரலாறு அவருக்கு இரண்டு பட்டப்பெயர்களைக் கொடுத்திருக்கிறது. ஒன்று, வெற்றியாளர். இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. நல்ல ஊழியர்கள் வாய்த்தவர் என்று அதற்குப் பொருள். அவருக்காக உழைத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். சரி, அவர்களுக்கு அவர் என்ன செய்தார்? அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கையைச் சுவாரசியமாக்குகிறது. கொஞ்சம் சங்கடப்படவும் வைக்கிறது.

சண்டை எதற்கு?

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1328-ல் பிரெஞ்சு அரசர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய தங்கை இசபெல்லாவின் மகன் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட். பெண்வழி உரிமை செல்லாது என்று சொல்லி, பிரெஞ்சுப் பிரபுக்கள் பங்காளி வகையறாவைச் சேர்ந்த ஆறாம் ஃபிலிப்பை அரசராக்கினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள கியென் பகுதி இங்கிலாந்து அரசரின் பரம்பரைச் சொத்து. ஆனால் அதற்காக அவர் பிரெஞ்சு அரசருக்கு அடங்கி நடக்க வேண்டும். 1337-ல் ஃபிலிப் அதைப் பறிமுதல் செய்ததும் போர் வெடித்தது.

நூறாண்டுப் போர் என்று பெயர் இருந்தாலும் அது 1453 வரை, இடையிடையே நின்று நின்று, 116 ஆண்டுகள் நடந்தது. அதிர்ஷ்டம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. 1346-ல் கிரெசி போரில் ஆங்கில வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரைப்படையை நொறுக்கினார்கள். 1356-ல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானே சிறைபிடிக்கப்பட்டார். 1360 ஒப்பந்தத்தில் அவரை விடுவிக்க 30 லட்சம் பொற்காசுகள் விலை பேசப்பட்டது.

அவருடைய மகன் ஐந்தாம் சார்லஸ் வேறு மாதிரி ஆள். பெரிய போர்களைத் தவிர்த்தார். கோட்டை கோட்டையாக, பொறுமையாக மீட்டார். 1380-ல் அவர் இறக்கும்போது இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இவர்தான் நம் சார்லஸின் தாத்தா. அந்தப் பொறுமை ஒரு தலைமுறை தாண்டி பேரனிடம் வந்து சேர்ந்தது.

அப்பாவின் நோய், வீட்டுக்குள் யுத்தம்

சார்லஸ் 1403 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் பிறந்தார். ஐந்தாவது மகன். யாரும் அவரை அரசராக நினைத்துப் பார்க்கவே இல்லை.

அவர் பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே அப்பாவின் மனநலம் குலைந்திருந்தது. 1392 ஆகஸ்டில் ஒரு காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஆறாம் சார்லஸ் திடீரென்று வாளை உருவித் தன் ஆட்களையே வெட்டினார். அதன் பிறகு மாதக்கணக்கில் தெளிவாக இருப்பார். பிறகு மனைவியையே அடையாளம் தெரியாமல் போகும். தன் உடல் கண்ணாடியால் ஆனது, தொட்டால் உடைந்துவிடும் என்று அவர் நம்பியதாகவும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

அரசர் இருக்கிறார், ஆனால் ஆளவில்லை. அப்படியானால் யார் ஆள்வது? அரசரின் தம்பி ஆர்லியன்ஸ் டியூக்கும், சித்தப்பா குடும்பத்தைச் சேர்ந்த பர்கண்டி டியூக்கும் மல்லுக்கு நின்றார்கள். 1407-ல் பர்கண்டி டியூக் ஜான், ஆர்லியன்ஸ் டியூக்கைப் பாரிஸ் தெருவிலேயே ஆள் வைத்துக் கொன்றார். நாடு இரண்டாகப் பிளந்தது. அர்மன்யாக் அணி ஒரு பக்கம், பர்கண்டி அணி மறுபக்கம்.

இந்தச் சண்டைதான் இங்கிலாந்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட் போரில் ஐந்தாம் ஹென்றியின் சிறிய படை, சேற்றில் சிக்கிய பெரிய பிரெஞ்சுப் படையைச் சிதறடித்தது. அடுத்த ஒன்றரை ஆண்டுகளுக்குள் சார்லஸின் இரண்டு அண்ணன்கள் அடுத்தடுத்து நோயில் இறந்தார்கள். 1417-ல், 14 வயதில், அவர் பட்டத்து இளவரசர் ஆனார்.

அதே ஆண்டில் ஹென்றி மறுபடியும் வந்திறங்கி நார்மண்டியைப் பிடிக்க ஆரம்பித்தார். 1418 மே மாத இறுதியில் ஓர் இரவு பர்கண்டி ஆட்கள் பாரிஸுக்குள் நுழைந்தார்கள். எதிரணியினரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட சார்லஸை விசுவாசிகள் நகரை விட்டு வெளியே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். பாரிஸுக்குள் அவர் மறுபடி கால் வைக்க 19 ஆண்டுகள் ஆகின.

பாலத்தில் நடந்த கொலை

1419 ஜனவரியில் நார்மண்டியின் தலைநகர் ரூவான் ஹென்றியிடம் விழுந்தது. இனியும் உள்சண்டை போட்டால் எல்லோரும் அழிவோம் என்று இரு அணிகளுக்கும் உறைத்தது. சமாதானம் பேச சார்லஸும் பர்கண்டி டியூக் ஜானும் சந்திக்க ஒப்புக்கொண்டார்கள். இடம், மோன்தரோ ஊரின் பாலம். நாள், 1419 செப்டம்பர் 10.

பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாக்குவாதம். சார்லஸின் கண் முன்னாலேயே அவருடைய ஆட்கள் ஜானை வெட்டிக் கொன்றார்கள். 16 வயது சார்லஸுக்கு இந்தத் திட்டம் முன்பே தெரியுமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

தெரிந்ததோ இல்லையோ, பழி அவர் மீது விழுந்தது. கொல்லப்பட்டவரின் மகன் ஃபிலிப் நேராக ஆங்கிலேயர்களுடன் கை கோத்தார். அதன் விளைவுதான் ஆரம்பத்தில் பார்த்த த்ருவா ஒப்பந்தம். ஜூன் 2 அன்று ஹென்றிக்கும் சார்லஸின் அக்கா கேதரினுக்கும் கல்யாணம் நடந்தது.

இரண்டு மாதத்தில் தப்பிப்போன மகுடம்

இங்கிலாந்து ஜெயித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நோயாளி மாமனார் கண்ணை மூடினால் போதும், ஹென்றி இரண்டு நாடுகளுக்கும் அரசர்.

ஆனால் முந்திக்கொண்டது மாப்பிள்ளை. 1422 ஆகஸ்ட் 31 அன்று, 35 வயதில், ஹென்றி நோயில் இறந்தார். மாமனார் இறந்தது அக்டோபர் 21 அன்று. இரண்டு மாதம்கூட இல்லை. அந்த இடைவெளி இல்லாமல் போயிருந்தால் ஐரோப்பாவின் வரலாறே வேறு திசையில் போயிருக்கலாம்.

இப்போது ஒப்பந்தப்படி பிரான்ஸின் அரசர் யார்? ஹென்றியின் மகன் ஆறாம் ஹென்றி. வயது பத்து மாதம். அந்தக் குழந்தைக்கு எதிராகத் தன்னையும் அரசர் என்று அறிவித்துக்கொண்ட சார்லஸ், உறவு முறையில் அதற்குத் தாய்மாமன்.

சார்லஸின் பிடியில் இருந்தது பெரும்பாலும் லுவார் ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி. பூர்ஜ் நகரில் தங்கியிருந்ததால் எதிரிகள் அவரைப் பூர்ஜ் ராஜா என்று கேலி செய்தார்கள். நம்மூர் பாணியில் சொன்னால், பேருக்கு ராஜா. அந்த அக்டோபரில் லா ரொஷேல் நகரில் அவர் இருந்த மாடித் தளமே இடிந்து விழுந்தது. பலர் இறந்தார்கள், அவர் தப்பினார். 1424-ல் வெர்னே போரில் அவருக்காக ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த படை ஏறக்குறைய அழிந்தது.

அந்த இருண்ட ஆண்டுகளில் அவரைத் தாங்கிப் பிடித்தவர் மாமியார் யோலாண்ட். சிறு வயதிலேயே சார்லஸைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தவரும் அவர்தான். பணம், ஆள், ஆலோசனை என எல்லாம் அவரிடமிருந்து வந்தன. ஊழியர்கள் நன்றாக வாய்த்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் இவருடையது.

ஷினோனுக்கு வந்த பெண்

1428 அக்டோபரில் ஆங்கிலேயர் ஆர்லியன்ஸ் நகரை முற்றுகையிட்டார்கள். லுவார் ஆற்றங்கரையில் இருந்த அந்த நகரம் விழுந்தால் தெற்கே போக வழி திறந்துவிடும். 1429 பிப்ரவரியில் முற்றுகைப் படைக்குப் போன உணவு வண்டிகளை மறிக்கும் முயற்சியும் படுதோல்வி அடைந்தது. சார்லஸ் நாட்டை விட்டே போய்விடலாமா என்று யோசித்ததாகச் சொல்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஷினோன் கோட்டைக்கு ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் வந்தார். கிழக்கு எல்லையில் உள்ள தோம்ரெமி என்ற ஊர்க்காரர். வயது சுமார் 17. எழுதப் படிக்கத் தெரியாது. ஆர்லியன்ஸை விடுவித்து, சார்லஸை ரீம்ஸ் நகருக்கு அழைத்துப்போய் முடிசூட்டும்படி கடவுளின் குரல் தனக்குச் சொன்னதாகச் சொன்னார். உலகம் அவரை ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறியும்.

சார்லஸ் உடனே நம்பிவிடவில்லை. புவாத்தியே நகரில் மதகுருமார்களை வைத்து விசாரித்தார். அவர்கள் தவறு எதுவும் காணவில்லை என்றதும், கவசமும் கொடியும் கொடுத்துப் படையோடு அனுப்பினார். இழப்பதற்கு அவரிடம் அப்போது அதிகம் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

ஏப்ரல் 29 அன்று ஜோன் ஆர்லியன்ஸுக்குள் நுழைந்தார். மே 8 அன்று ஆங்கிலேயர் முற்றுகையை விட்டுப் பின்வாங்கினார்கள். ஏழு மாத முற்றுகை அவர் வந்து பத்தே நாளில் முடிந்தது. ஜூன் 18 அன்று பதே போரில் ஆங்கிலப் படை சிதறியது. பிறகு எதிரிகளின் பிடியில் இருந்த பகுதி வழியாக நேராக ரீம்ஸுக்குப் பயணம். வழியில் சார்லஸைத் தள்ளிவைத்த அதே த்ருவா நகரம் சரணடைந்து கதவைத் திறந்தது.

1429 ஜூலை 17 அன்று ரீம்ஸ் பேராலயத்தில் சார்லஸுக்குப் புனித எண்ணெய் பூசி முடிசூட்டினார்கள். இது ஏன் முக்கியம்? பிரெஞ்சு மக்களின் நம்பிக்கையில், ரீம்ஸில் எண்ணெய் பூசப்பட்டவர்தான் முழுமையான அரசர். அதுவரை சார்லஸின் உரிமை வெறும் வாதமாக இருந்தது. அன்று முதல் மக்கள் கண்ணில் அது மறுக்க முடியாததாகிவிட்டது. பிற்பாடு, 1431 டிசம்பரில், ஆங்கிலேயர் ஆறாம் ஹென்றிக்குப் பாரிஸில் முடிசூட்டிப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

ஏன் மீட்கவில்லை?

வெற்றி வேகத்தில் பாரிஸையும் பிடிக்க வேண்டும் என்றார் ஜோன். செப்டம்பர் 8 அன்று நடந்த தாக்குதலில் அவர் காயமடைந்தார். சார்லஸ் பின்வாங்க உத்தரவிட்டு, சில நாட்களில் படையையே கலைத்தார். கஜானா காலி. கூடவே, பர்கண்டி டியூக் ஃபிலிப்பைப் பேச்சுவார்த்தை மூலம் தன் பக்கம் இழுக்கலாம் என்று அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் கணக்குப் போட்டார்கள்.

ஜோனுக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தோம்ரெமி கிராமத்துக்கு வரிவிலக்கு கொடுத்தார். ஜோனின் குடும்பத்தைப் பிரபுக்கள் வரிசைக்கு உயர்த்தினார்.

ஆனால் 1430 மே 23 அன்று கோம்பியேன் நகருக்கு வெளியே பர்கண்டி வீரர்கள் ஜோனைப் பிடித்தபோது என்ன ஆச்சு? அந்தக் காலத்தில் கைதிகளைப் பணம் கொடுத்து மீட்பது சாதாரண வழக்கம். ஜோனை 10,000 லிவ்ர் கொடுத்து வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். சார்லஸ் பணம் கொடுக்க முன்வந்தார் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை.

கொள்ளுத்தாத்தா ஜானுக்கு 30 லட்சம் பொற்காசு பேசிய அரச குடும்பம் அது. மகுடம் வாங்கிக் கொடுத்த பெண்ணுக்காக அதே குடும்பம் வாய் திறக்கவில்லை. பணமில்லை, ஆங்கிலேயர் எந்த விலைக்கும் விட்டிருக்க மாட்டார்கள், பர்கண்டியுடன் பேச்சு கெட்டுவிடும் என்று அவருக்காக வாதாடுபவர்கள் காரணங்களை அடுக்குகிறார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் 1431 மே 30 அன்று ரூவான் சந்தைத் திடலில், மதத் துரோகி என்ற தீர்ப்போடு, சுமார் 19 வயதில் ஜோன் உயிரோடு எரிக்கப்பட்டார் என்பதை அந்தக் காரணங்கள் மாற்றிவிடவில்லை.

தலைகுனிந்து வாங்கிய வெற்றி

போரின் உண்மையான திருப்பம் போர்க்களத்தில் நடக்கவில்லை என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது 1435-ல் அராஸ் நகரில் நடந்த சமாதான மாநாட்டை.

ஆங்கிலேயரின் பலமே பர்கண்டியின் ஆதரவுதான். அதை உடைக்க சார்லஸ் பெரிய விலை கொடுத்தார். மோன்தரோ கொலைக்காகத் தன் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வைத்தார். கொலையாளிகளைத் தண்டிப்பதாகவும், இறந்தவரின் ஆன்மாவுக்காகத் திருப்பலிகள் நடத்துவதாகவும் ஒப்புக்கொண்டார். சோம் ஆற்றங்கரை ஊர்களை விட்டுக்கொடுத்தார். ஓர் அரசருக்கு இது பெரிய அவமானம்.

செப்டம்பர் 21 அன்று ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் பிரான்ஸில் ஆங்கிலேயரின் தூணாக இருந்த பெட்ஃபோர்ட் டியூக் இறந்திருந்தார். அடுத்த ஏப்ரலில் பாரிஸ் சார்லஸின் தளபதி ரிஷ்மோனுக்குக் கதவைத் திறந்தது. இந்த ரிஷ்மோன் யார் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் சார்லஸ் தன் அரசவையிலிருந்து ஒதுக்கிவைத்தவர். ஒதுக்கப்பட்டவரே தலைநகரை மீட்டுக் கொடுத்தார்.

மாதச் சம்பளத்துக்கு ஒரு படை

பாரிஸ் திரும்பிவிட்டாலும் நாடு நாடாக இல்லை. அந்தக் கால வீரர்களுக்குப் போர் நடந்தால் கூலி, இல்லையென்றால் ஒன்றும் இல்லை. சண்டை நின்றால் அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களைக் கொள்ளையடிப்பார்கள். உடுத்த துணியைக்கூட உரித்துக்கொண்டு போனதால் மக்கள் அவர்களைத் தோலுரிப்பவர்கள் என்று அழைத்தார்கள். ஆங்கிலேயரைவிட இவர்களுக்குத்தான் விவசாயிகள் அதிகம் பயந்தார்கள்.

சார்லஸ் இதைப் படிப்படியாகச் சரிசெய்தார். 1439-ல் வந்த ஆணைப்படி, படை திரட்டும் உரிமை அரசருக்கு மட்டும்தான். பிரபுக்கள் தனிப்படை வைக்கக் கூடாது. இதனால் கடுப்பான பிரபுக்கள் அடுத்த ஆண்டே கலகம் செய்தார்கள். அதில் சார்லஸின் மகன், 16 வயது லூயியும் சேர்ந்துகொண்டார். கலகம் சில மாதங்களில் அடங்கியது. மகனுடனான கசப்பு மட்டும் கடைசி வரை அடங்கவில்லை.

1444-ல் இங்கிலாந்துடன் தற்காலிகப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஆறாம் ஹென்றிக்கு சார்லஸின் மனைவியுடைய அண்ணன் தம்பி வழியில் வந்த பெண் மார்கரெட் மணமுடிக்கப்பட்டார். அந்த ஓய்வை சார்லஸ் வீணாக்கவில்லை. 1445-ல் பொறுக்கியெடுத்த வீரர்களைக் கொண்டு 15 கம்பெனிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் 100 அணிகள். ஓர் அணிக்குக் கவசக் குதிரை வீரர், வில்லாளிகள், உதவியாளர்கள் என ஆறு பேர். ஆக மொத்தம் 9,000 பேர். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு. அதற்கான பணம் தாய் என்ற நேரடி வரியிலிருந்து வந்தது. பிரபுக்கள் பெரும்பாலும் இந்த வரியிலிருந்து தப்பினார்கள். சுமை சாமானியர் தலையில்தான் விழுந்தது.

ஐரோப்பாவின் ஆரம்பகால நிரந்தரப் படைகளில் இது முக்கியமானது. 1448-ல் ஊர்தோறும் வரிவிலக்குடன் வில்லாளிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டமும் வந்தது. ழான் பூரோ, காஸ்பார் பூரோ என்ற சகோதரர்கள் பீரங்கிப் படையைச் சீர்செய்தார்கள். ஒரு காலத்தில் மாதக்கணக்கில் முற்றுகையிட வேண்டிய கோட்டைச் சுவர்கள், இப்போது பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலே சரணடைய ஆரம்பித்தன.

ஒரே ஆண்டில் நார்மண்டி

1449 மார்ச்சில் ஆங்கிலேயருக்காக வேலை செய்த ஒரு தளபதி, போர்நிறுத்தத்தை மீறி ஃபூஜேர் நகரைச் சூறையாடினார். சார்லஸுக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. நவம்பர் 10 அன்று அவர் ரூவானுக்குள் வெற்றி ஊர்வலமாக நுழைந்தார். 1450 ஏப்ரல் 15 அன்று ஃபோர்மின்யி போரில் கடைசிப் பெரிய ஆங்கிலப் படை அழிந்தது. ஆகஸ்டில் ஷெர்பூர் துறைமுகமும் விழுந்தது. 30 ஆண்டுகளாக ஆங்கிலேயர் கையில் இருந்த நார்மண்டி ஓர் ஆண்டில் திரும்பியது.

அடுத்தது கியென். அங்கே கதை வேறு. போர்தோ நகரம் ஏறக்குறைய 300 ஆண்டுகளாக இங்கிலாந்து அரசரின் கீழ் இருந்தது. அதன் ஒயினை வாங்குவதே இங்கிலாந்துதான். 1451-ல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தபோது அந்த மக்கள் அதை விடுதலையாகப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே ஆங்கிலேயரை ரகசியமாக அழைத்தார்கள். முதிய தளபதி டால்பட் படையோடு வந்திறங்கினார்.

1453 ஜூலை 17 அன்று காஸ்தியோன் ஊரருகே பிரெஞ்சுப் படை பின்வாங்குகிறது என்ற தவறான தகவலை நம்பி டால்பட் பாய்ந்தார். ழான் பூரோ அமைத்திருந்த பீரங்கி முகாமின் வாய்க்குள்ளேயே போய் விழுந்தார். முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டு விடுதலையானபோது, இனி அவர்களுக்கு எதிராகக் கவசம் அணிவதில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தாராம். கவசமில்லாமலே வந்து இறந்தார் என்று சொல்கிறார்கள். அக்டோபர் 19 அன்று போர்தோ மறுபடியும் சரணடைந்தது. சமாதான ஒப்பந்தம் எதுவும் போடாமலே நூறாண்டுப் போர் முடிந்தது.

ஊஞ்சல் கடைசியாக ஒருமுறை ஆடியது. அந்த ஆகஸ்டில் ஆறாம் ஹென்றி திடீரென்று சுயநினைவற்றவர் போலாகி, ஓராண்டுக்கு மேல் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். தாய்வழித் தாத்தா ஆறாம் சார்லஸின் நோய் அவருக்கும் வந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பிரான்ஸைச் சீரழித்த அதே கதை இங்கிலாந்தில் ஆரம்பமானது. அரசர் ஆள முடியாத நிலை, உறவினர்களுக்குள் போட்டி. 1455-ல் அங்கே ரோஜாப் போர்கள் என்ற உள்நாட்டுச் சண்டை வெடித்தது.

கடன் கொடுத்தவருக்கு என்ன ஆச்சு?

நார்மண்டியை மீட்கப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு பூர்ஜ் நகர வணிகர் ழாக் கேரிடமிருந்து. கிழக்கு மத்தியதரைக் கடல் வரை கப்பல் விட்டு வியாபாரம் செய்தவர். அரசரின் பொருட்செலவுகளைக் கவனிக்கும் அதிகாரியாகவும் இருந்தார். அரசவையில் அவரிடம் கடன் வாங்காத ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1451 ஜூலையில், வெற்றி ஊர்வலம் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், சார்லஸ் அவரைக் கைது செய்தார். முதல் குற்றச்சாட்டு, அரசரின் காதலி ஆக்னஸ் சொரேலுக்கு விஷம் வைத்தார் என்பது. அது நிற்கவில்லை. உடனே நிதி முறைகேடு உள்ளிட்ட வேறு குற்றங்கள் சேர்க்கப்பட்டன. 1453-ல் அவருடைய சொத்துகள் பறிக்கப்பட்டன. அவரிடம் கடன்பட்டிருந்த சிலரே இதில் ஆதாயம் அடைந்தார்கள். அவர் சிறையிலிருந்து தப்பி ரோமுக்குப் போனார். 1456-ல், போப்பின் கப்பற்படையோடு போன இடத்தில், கியோஸ் தீவில் இறந்தார். ஆசை ஆசையாக அவர் கட்டிய மாளிகை பூர்ஜ் நகரில் இன்றும் நிற்கிறது. அதில் அவர் நிம்மதியாக வாழவே இல்லை.

25 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு

ஜோனை எரித்த ஊர் ரூவான். விசாரணை ஆவணங்களும் அங்கேதான் இருந்தன. நகரம் கைக்கு வந்த மூன்று மாதத்தில், 1450 பிப்ரவரியில், அந்த விசாரணை எப்படி நடந்தது என்று ஆராய சார்லஸ் உத்தரவிட்டார்.

தாமதமாக வந்த நன்றிக் கடனா? இருக்கலாம். ஆனால் சுயநலமும் இருந்தது. ஜோன் மதத் துரோகி என்றால், அவர் அழைத்துப்போய் சூட்டிய மகுடத்தின் மீதும் கறை படியும். பிறகு ஜோனின் அம்மா இசபெல், வயதான காலத்தில், பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்துக்கு வந்து நீதி கேட்டார். போப்பின் அனுமதியோடு மறு விசாரணை நடந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாது என்று ரூவானில் அறிவிக்கப்பட்டது.

கடைசி நாட்கள்

அதே 1456-ல் மகன் லூயி, அப்பாவுக்குப் பயந்து, பர்கண்டி டியூக்கிடம் ஓடி அடைக்கலம் புகுந்தார். ஒரு காலத்தில் தன் அப்பாவால் தள்ளிவைக்கப்பட்டவருக்கு, இப்போது தன் மகனே எதிரி முகாமில்.

சார்லஸின் உடல்நலம் குலைந்தது. 1461-ல் வாய்க்குள் வந்த புண்ணால் உணவு இறங்கவில்லை. மகன் விஷம் வைத்துவிடுவார் என்ற பயமும் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஜூலை 22 அன்று மெயுன் சுர் யேவ்ர் கோட்டையில், 58 வயதில் இறந்தார். மகன் பக்கத்தில் இல்லை.

ஏழாம் சார்லஸ் பெரிய வீரர் இல்லை. அஜின்கோர்ட் மாதிரி அவர் பெயரில் சொல்ல ஒரு போர்கூட இல்லை. ஆனால் இங்கிலாந்து வென்ற புகழ்பெற்ற போர்கள் எதுவும் நிலைக்கவில்லை. இவர் உருவாக்கிய வரியும் சம்பளப் படையும் பீரங்கியும் நிலைத்தன. அவமானத்தை விழுங்கிப் பகைவரோடு சமரசம் செய்த பொறுமையும் கைகொடுத்தது. அந்த வெற்றிக்கான கூலியை மட்டும் பெரும்பாலும் மற்றவர்கள் கொடுத்தார்கள்: வரி கட்டிய விவசாயி, ழாக் கேர், ஜோன்.

ழான் ஃபூக்கே வரைந்த அவருடைய ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாபெரும் வெற்றி பெற்ற அரசர் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. படத்தில் இருப்பவருக்குச் சின்னக் கண்கள், நீண்ட மூக்கு, சோர்ந்த முகம். கவசமும் இல்லை, வாளும் இல்லை, மகுடமும் இல்லை. யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பவர் மாதிரி கை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.